ஜெயிலுக்கு ஒரு மஞ்சள் தாலி

உக்கிரபாண்டி: தலையைக் குனி புள்ள. ஆட்டிக்கிட்டே இருந்தா எப்படிக் கட்டுறது...

சோணையம்மாள்: ஏழு வருசத்துக்கு முந்தி மணையில குனிஞ்ச தலை மச்சான். இன்னும் எம்புட்டுக் குனிய?

உக்கிரபாண்டி: குனிஞ்ச தலைதான் நான் வேலை பாக்குற கடை வாசல்லயே வந்து கொடி பிடிச்சுதாக்கும். 'சீமைத் துணி வாங்காதீக'ன்னு...

சோணையம்மாள்: மத்த கடையில எல்லாம் வெயிலு. உங்க கடை வாசல்லதான் பந்தல் இருந்துச்சு.

உக்கிரபாண்டி: நிழலுக்கு ஒதுங்குனவளுக்கு நாளைக்குத் தீர்ப்பு. பொம்பளைன்னு ஒரு மாசம் வீட்டுல விட்டு வச்சாக. இனி ஆறு மாசமாச்சும் வேலூரு ஜெயிலுங்கிறாரு வக்கீலு.

சோணையம்மாள்: இருந்துட்டு வாரேன். இந்தாங்க, பொன் தாலி. பொட்டியில வையுங்க. ஜெயிலு வாசல்ல தங்கத்தை எல்லாம் கழத்தி வாங்கிக்கிருவாகளாம். மஞ்சக் கிழங்கை வாங்கி என்ன செய்யப் போறாக?

உக்கிரபாண்டி: கொழம்பு வைப்பாக.

சோணையம்மாள்: களிக்கு ஏது கொழம்பு... நானும் ஒரு வாரமா களி தின்னு பழகிட்டேன். வெறுந்தரையில படுத்தும் பழகிட்டேன். வெத்தலையைத்தான் விட முடியலை.

உக்கிரபாண்டி: ஆறு மாசத்துல பல்லு வெளுத்துரும். அடையாளம் தெரியாம வேற எவளையாச்சும் கூட்டிட்டு வந்துறப் போறேன்.

சோணையம்மாள்: கூட்டிட்டு வருவீக, வருவீக... மச்சான், ஒண்ணு கேக்கணும்.

உக்கிரபாண்டி: கேளு.

சோணையம்மாள்: காலையில கோர்ட்டுல ஒரு தாளை நீட்டுவாக. இனிமே மறியல் பண்ண மாட்டேன்னு அதுல கைநாட்டு வச்சா வீட்டுக்கு விட்டுருவாக. என்னால உங்க வேலைக்கு எதுவும் பங்கமா? ஆமான்னா சொல்லுங்க. வச்சிட்டு வந்துர்றேன்.

உக்கிரபாண்டி: வேலைக்கு என்ன கேடு? இன்னைக்குக் கூட ஒரு கல்யாண வீட்டுக்கு நாப்பது கஜம் கிழிச்சுக் குடுத்தேன்.

சோணையம்மாள்: முதலாளி ஒண்ணும் சொல்லலையா?

உக்கிரபாண்டி: 'உம் பொண்டாட்டிக்கு நல்ல தொண்டைப்பா'ன்னு சிரிச்சாரு.

சோணையம்மாள்: அம்புட்டுத்தானா?

உக்கிரபாண்டி: அம்புட்டுத்தான். இரு, மொத முடிச்சுப் போடுறேன். மத்த ரெண்டைப் போட பேரையூர்ல இருந்து எந்தங்கச்சியை வரச் சொல்லவா?

சோணையம்மாள்: அவ வந்தா அழுதே தீத்துருவா. மூணையும் நீங்களே போடுங்க... ஸ்... கயித்தை விட உங்க விரலுதான் கழுத்துல அறுக்குது.

உக்கிரபாண்டி: கஜக்கோலு பிடிச்ச கை. அப்படித்தான் இருக்கும்.

சோணையம்மாள்: கஜக்கோலு பிடிச்சா தோளுமா கன்னிப் போகும்?

உக்கிரபாண்டி: ஆடாம இரு புள்ள. ரெண்டாவது முடிச்சுப் போடுறேன்.

சோணையம்மாள்: வேட்டியை உதறுனா தவிடு கொட்டுது. எந்தச் சீமைப் பட்டுல தவிடு இருக்கு மச்சான்?

உக்கிரபாண்டி: ...எப்பத் தெரியும்?

சோணையம்மாள்: மொத நாளே. போலீசு வண்டியில ஏத்துறப்பத் திரும்பிப் பாத்தேன். கஜக்கோலை முதலாளி மேசையில வச்சிட்டு நீங்க படி இறங்கிக்கிட்டு இருந்தீக.

உக்கிரபாண்டி: குட்ஷெட்டுல மூட்டை தூக்குறேன் புள்ள. சொன்னா நீ கைநாட்டு வச்சிருவியோன்னுதான்... சரி, தெரிஞ்சுக்கிட்டே எதுக்கு என்னைக் கேட்ட?

சோணையம்மாள்: 'முடியலை சோணை, வந்துரு'ன்னு ஒரு வார்த்தை சொல்லிருந்தா வச்சிட்டு வந்துருப்பேன் மச்சான். ஒரு மாசமா அதுக்குத்தான் காதைத் தீட்டிக்கிட்டு இருந்தேன். இன்னைக்கும் நாப்பது கஜம்னுட்டீக... நிம்மதியாப் போயிட்டு வாரேன்.