கட்டுரை கேட்டதற்கு ஒரு தேங்க்ஸ்

குளச்சல் பஸ்ஸில் எனக்கு முன்சீட்டில் இரண்டு கல்லூரிப் பெண்கள்.

"கட்டுரை கேட்டது நான், தேங்க்ஸ் சொன்னது அவரு மக்கா!"

"யாருட்டி?"

"கரையில நின்னு இழுக்குத கரமடி வலையப் பத்தி எழுதுன புரொபசரு. என் புராஜெக்ட்டுக்கு வேணும், ஆனா அந்தக் கட்டுரை வந்த ஜர்னல் நம்ம லைப்ரரில இல்ல, நெட்லயும் காசு கேக்குது. எழுதுனவருக்கே மெயில் போடு பிள்ளேன்னு லைப்ரரி மேடம்தான் சொன்னாவ. அவங்க நல்லா இருக்கட்டும். காலையில மெயில் போட்டேன், மத்தியானமே கட்டுரைய அனுப்பிட்டாரு."

"அதுக்கு அவரு எதுக்கு தேங்க்ஸ் சொல்லணும்?"

"இதுவரைக்கும் அதை யாருமே கேட்டதில்லயாம். எங்க அப்பா கரமடி இழுக்குதவருன்னு மெயில்ல எழுதியிருந்தேன். உன் புராஜெக்ட்ட முடிச்சதும் எனக்கும் அனுப்புன்னு கேட்டிருக்காரு."

"அனுப்புவியா?"

"பின்ன? மார்க்குக்கு எழுதுனா போதும்னு இருந்தேன். இனி ஒழுங்கா எழுதணும்லா, படிக்கதுக்கு ஒரு ஆளு இருக்காரே."