வட்டத்துக்குள் சொன்னது

நெப்ராஸ்காவில் மார்ச் மாதம் வந்தால் சாலையெல்லாம் சேறுதான். அந்தச் சேற்றிலும் ஒரு வாரம்கூடத் தவறாமல் சிறைக்குக் காரோட்டிப் போயிருக்கிறேன். அதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள். என்னைச் சந்தேகத்தோடு பார்க்கிறீர்கள், பரவாயில்லை, விசாரணை அதிகாரிக்கு அதுதானே வேலை.

எங்கள் அமைப்பு கைதிகளுக்கு மூச்சுப் பயிற்சியும் தியானமும் சொல்லித்தருகிறது. முடிந்ததும் நாற்காலிகளை வட்டமாகப் போட்டு உட்காருவோம். மனதில் கிடக்கும் அழுக்கை யாரும் கொட்டலாம். வட்டத்துக்குள் சொன்னது கதவைத் தாண்டாது. அந்த விதியைப் போட்டவள் நான்.

வெண்டல் ஓக்ஸ் இல்லாவிட்டால் அங்கே ஈ ஓட்ட வேண்டியதுதான். இருபது வயதில் மதுக்கடைச் சண்டையில் ஒருவனை அடித்தே கொன்றவன், இப்போது தாடி நரைத்துவிட்டது. "வாங்கடா, மிஸ் லோர்னா மூச்சு விடச் சொல்லித்தராங்க. இத்தனை நாளா நீங்க விட்டதெல்லாம் மூச்சே இல்லையாம்" என்று கேலி பேசியே முரடர்களையெல்லாம் இழுத்துவருவான். நன்கொடையாளர்கள் அவன் பக்கத்தில் நின்றுதான் படம் எடுத்துக்கொள்வார்கள்.

இலையுதிர்காலத்தில் அவனுக்குப் பரோல் விசாரணை வந்தது. ஓமஹாவில் அவன் அம்மாவுக்குச் சிறுநீரகம் இரண்டும் போய்விட்டது. வசந்தம்வரை தாங்கமாட்டாள் என்று மருத்துவர்கள் சொல்லியிருந்தார்கள்.

"வெளிய போனதும் நானே சமைச்சுப் போடணும் மிஸ். வேற யார் ஊட்டினாலும் துப்பிடும் அந்தக் கெழவி" என்று சிரித்தான். நானும் சிரித்தேன். ஆனால் வட்டத்தை எண்ணிப் பார்த்தேன். அவன் போனால் வட்டம் கலையும், மற்றவர்கள் பழையபடி ஒருவரையொருவர் குத்திக்கொள்வார்கள்.

விசாரணைக்கு முந்தைய வகுப்பில், அவன் மனதில் மிச்சமிருக்கும் மோசமான எண்ணத்தைச் சொல்லச் சொன்னேன். தயங்கினான்.

"சொல்லு வெண்டல், இது நம்ம இடம்."

"சில நாள் கனவுல அவனை மறுபடி அடிக்கிறேன் மிஸ். முழிச்சுப் பாத்தா விரலெல்லாம் மடங்கியிருக்கு. வெக்கமா இருக்கு" என்று அழுதான். தண்ணீர் கொடுத்தேன்.

வழக்கம்போல பரோல் வாரியம் என்னைத் தனியாக அழைத்துக் கருத்துக் கேட்டது. என் மாணவர்களிலேயே சிறந்தவன் என்றேன், அது உண்மை. கனவில் இன்னும் கொல்கிறான் என்றேன், அதுவும் உண்மை. அந்தக் கனவையே காரணமாக அவனிடம் சொல்லி, ஐந்து வருடம் கழித்துப் பார்க்கலாம் என்று தள்ளிவிட்டார்கள். அவனுக்கு முன் வேறு இருவர் விஷயத்திலும் வாரியத்திடம் இப்படிச் சொல்லியிருக்கிறேன். நீங்கள் கேட்கவில்லை, நானே சொல்கிறேன்.

வெண்டல் என்னிடமே வந்தான். "வட்டத்துல எவனோ வத்தி வச்சிட்டான் மிஸ். டட்டிலா இருக்குமோ?"

டட்டில் அவன் பக்கத்து நாற்காலிக்காரன், அப்பாவி. மூச்சைக் கவனி என்றேன். இல்லை என்று சொல்லவில்லை.

பிப்ரவரியில் அம்மா இறந்தாள். மறுநாள் வெண்டலின் நண்பர்கள் டட்டிலைக் குளியலறையில் போட்டு அடித்தார்கள். வெண்டல் ஓடிவந்து விலக்கியும் டட்டிலுக்கு ஒரு கண் போய்விட்டது. அதற்காகத்தான் நீங்கள் வந்திருக்கிறீர்கள். நேற்று வாரியத்தின் பதிவிலிருந்து என் குரலையும் அவனுக்குப் போட்டுக் காட்டிவிட்டீர்கள். என்னிடம் கேட்டிருந்தால் வேண்டாம் என்றிருப்பேன்.

இன்று அவன் வகுப்புக்கு வரவில்லை. "அந்தப் பொம்பளை மூஞ்சியில முழிக்க மாட்டேன்" என்று காவலரிடம் சொல்லியனுப்பியிருக்கிறான்.

ஆக, கோபம் இன்னும் அடங்கவில்லை. அடுத்த விசாரணையில் அதை மறைக்க என் மனசாட்சி இடம்கொடுக்காது.