கிணற்றுக் காட்சி

நீங்கள் கொடுத்த பிஸ்கட் நமத்துப் போயிருக்கிறது, இன்ஸ்பெக்டர். பரவாயில்லை, காவல் நிலையத்தில் இதற்கு மேல் எதிர்பார்த்தது என் தப்பு. நடந்ததைச் சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள்.

'சதுப்பு நிலத்து மணப்பெண்' என்ற பேய்ப்படம் 1937-இல் வந்தது. பிறகு வந்த போரின் குண்டுவீச்சில் பிரதிகள் எல்லாம் எரிந்துபோயின. அதைப் பார்த்தவர்களில் உயிரோடு இருப்பவன் நான் ஒருவன்தான் என்று எங்கள் லீட்ஸ் பேய்ப்பட ரசிகர் சங்கமே நம்பியது. உண்மையில் நான் பார்க்கவில்லை. எனக்கு அப்போது பதினோரு வயது. பதினாறு ஆகட்டும் என்று சினிமாக் கொட்டகை வாசலிலேயே விரட்டிவிட்டார்கள். மறுநாள் பள்ளியில் பார்த்ததாகச் சொல்லிவிட்டேன். பிறகு அதையே புத்தகமாக எழுதினேன்.

அதில் எல்லோருக்கும் பிடித்தது கிணற்றுக் காட்சி. இறந்துபோன மணப்பெண் கிணற்றுக்குள்ளிருந்து நாயகன் பெயரை மூன்று முறை கூப்பிடுவாள். நான் அதைச் சொல்லும்போது பெரிய பெரிய ஆட்களுக்கே மயிர்க்கூச்செறியும். எனக்கென்று இருந்த மரியாதை அது ஒன்றுதான்.

போன செவ்வாய்க்கிழமை மேவிஸ் பர்ஸ்லோ என்னை வீட்டுக்கு அழைத்தார். அந்தப் படத்தில் மணப்பெண்ணாக நடித்தவர். தோட்டத்துக் கொட்டகையில் ஒரு பிரதி பத்திரமாக இருந்தது. மத்தியானமே அங்கேயே திரை கட்டிப் போட்டுக் காட்டினார்.

"ஏங்க ஹோல்ராய்ட், கிணறு எங்கேங்க?" என்று சிரித்தார். "பொணமா நடிச்சவளே நான்தான். எனக்குத் தெரியாம என்னை எந்தக் கிணத்துல போட்டீங்க? நான் படம் முழுக்க சோஃபாலதான் கிடந்தேன். பேயும் இல்ல, பிசாசும் இல்ல, எல்லாம் கதையில வர்ற சித்தப்பன் போட்ட வேஷம்."

மட்டமான படம். வெளியே காட்ட வேண்டாம் என்று கேட்டேன். கெஞ்சினேன் என்றே எழுதிக்கொள்ளுங்கள்.

"அட போங்க. சனிக்கிழமை உங்க சங்கத்துல போடறேன். உங்க மூஞ்சி போற போக்கைப் பாக்கவே முதல் வரிசையில உக்காருவேன்" என்றார்.

அந்தக் காலத்துப் படச்சுருள் வெடிமருந்து மாதிரி. ஒரு பொறி போதும், தண்ணீர் ஊற்றினாலும் அணையாது. இது எங்கள் ஆட்கள் எல்லோருக்கும் தெரியும், மேவிஸுக்கும் தெரியும். அவர் முதுகைக் காட்டிக்கொண்டு சுருளைத் திருப்பிச் சுற்றிக்கொண்டிருந்தார். நான் என் புகையிலைக் குழாயைப் பற்றவைத்தேன். தீக்குச்சியைத் திறந்திருந்த படச்சுருள் டப்பாவில் போட்டேன். வெளியே வந்து தாழ்ப்பாளைப் போட்டேன். காற்றில் கதவு அடித்துக்கொள்ளுமே என்றுதான்.

கொஞ்ச நேரம் கதவைத் தட்டினார். அதுவரை ஹோல்ராய்ட் என்றே அழைத்தவர், உள்ளிருந்து டெஸ்மண்ட் என்று என் முதற்பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். மூன்று முறை. அதன் பிறகு சத்தம் இல்லை.

இனி அந்தக் காட்சியை நான் இட்டுக்கட்டினேன் என்று எவனும் சொல்ல முடியாது, இன்ஸ்பெக்டர். என் காதால் கேட்டேன்.