வெட்டாத முட்டைக்கு யார் கை தூக்குவீர்கள்?

ஊரெல்லாம் உறங்கிய பிறகு, தொட்டிலை ஒரு காலால் ஆட்டிக்கொண்டே எழுதிய பேச்சு இது. அப்படி அகால வேளையில் எழுதியதற்காக முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். வரிகள் ஒன்றோடொன்று மோதினால் அது தூக்கத்தின் குற்றம். கருத்துகள் ஒன்றோடொன்று மோதினால் அது என் குற்றம்.

நடுங்கும் கையாலும் நடுங்காத நெஞ்சாலும் இந்தச் சங்கத்தை நடத்திவரும் தலைவர் ஆர்வில் ஸ்டட்லர் அவர்களே! பனி உறைந்த பாதையில் பார்த்துப் பார்த்துக் காரோட்டி வந்திருக்கும் பெரியோர்களே! வீட்டு உறைபெட்டியில் ஐஸ்கிரீமுக்குப் பக்கத்திலேயே பாம்புத் தீனியான எலிகளை அடுக்கிவைக்க இடம் கொடுத்த பொறுமையின் சிகரங்களான தாய்மார்களே! கூடம் தந்த தீயணைப்பு நிலையத்துத் தோழர்களே! மஸ்கிங்கம் ஆற்றங்கரை ஊர்வன வளர்ப்போர் சங்கத்தின் உறுப்பினர்களே! உங்கள் அனைவருக்கும் கெல்சி ஹ்ராபாக்கின் வணக்கம்.

"வண்ணப் பாம்பா, இயற்கைப் பாம்பா?" இதுதான் எனக்குத் தந்த தலைப்பு. ஏதாவது ஒரு பக்கம் பேசச் சொன்னார்கள். நான் எந்தப் பக்கம்? தெரியாது. தெரியாதவளை ஏன் மேடையேற்றினீர்கள்?

(பின் வரிசையில் ரஸ்ட்டி அண்ணன், "வேற யாரும் ஒத்துக்கல!" என்கிறார். நன்றி அண்ணா. உண்மை சுடும், அதுவும் இந்தக் கூடத்தின் ஹீட்டரைவிட நன்றாகவே சுடுகிறது.)

அவையோரே! என் குழப்பத்துக்கு ஒரு பெயர் உண்டு. பிஸ்கட். என் மகள் ஜூனி வளர்க்கும் பழுப்பு நிற மலைப்பாம்பு. பயந்தால் பந்தாய்ச் சுருண்டு, தலையை நடுவில் புதைத்துக்கொள்ளும் பரம சாது. பிஸ்கட் பிறந்த நாள் உங்களில் பலருக்கு நினைவிருக்கும். என் சமையலறை மேசையைச் சுற்றித்தானே நின்றீர்கள்?

நம் வழக்கம் நமக்குத் தெரியும். முதல் குட்டி முட்டையைக் கீறி மூக்கை நீட்டினால் போதும், மற்ற முட்டைகளை நாம் விட்டுவைப்பதில்லை. உள்ளே குட்டி மஞ்சள் கருவின் மிச்சத்தை உறிஞ்சியபடி, உலகத்துக்கு வரலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருக்கும். நமக்குப் பொறுக்குமா? கத்திரிக்கோல் எடுப்போம். கவனமாகக் கீறுவோம். கூரையைத் திறந்து எட்டிப்பார்ப்போம். என்ன நிறம்? என்ன கோலம்? என்ன வகை?

அன்று முதல் முட்டையில் வாழைப்பழ மஞ்சள். "ஆஹா!" என்றீர்கள். இரண்டாவதில் வெண்ணெய் நிறம். "அடடா!" என்றீர்கள். மூன்றாவதைக் கீறினேன். பழுப்பு. காய்ந்த இலையின் நிறம், காப்பிப்பொடியின் நிறம், காட்டின் நிறம். அப்போது மேசையைச் சுற்றி ஒரு சத்தம் எழுந்ததே, நினைவிருக்கிறதா?

"ப்ச்... சாதா!"

ஒருவர் சொல்லவில்லை. எல்லோரும் ஒரே குரலில் சொன்னீர்கள். பள்ளிக்கூடத்துப் பாட்டுக்குழு தோற்றுவிடும்.

"விக்காதுடி கெல்சி, குழந்தைக்குக் கொடுத்துடு," என்றார் என் மதிப்புக்குரிய பாம் கெட்டரிங் அக்கா. (அக்கா, சிரிக்காதீர்கள், இன்னும் இருக்கிறது.) அப்போது ஜூனிக்கு நாலு வயது. ஸ்டூல் மேல் ஏறி நின்று முட்டைக்குள் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்துக் கேட்டாள்: "அம்மா, நான் பொறந்தப்பவும் எல்லாரும் எட்டிப்பாத்து 'ப்ச்'சுன்னாங்களா?"

தாய்மார்களே! இதற்கு என்ன பதில் சொல்வீர்கள்? "உன்னைப் பாத்ததும் உங்கப்பா அழுதுட்டாரு," என்றேன். அவள் விடவில்லை. "சந்தோசத்துலயா, சாதாங்கிறதுனாலயா?"

ஆண்டுகள் ஓடின. பிஸ்கட் வளர்ந்தாள். போன இலையுதிர் காலத்தில் நம் சங்கமே ஒரு ஏற்பாடு செய்தது. பாம்பு உரித்துப்போட்ட சட்டையை ஆய்வகத்துக்கு அனுப்பினால், அதன் மரபணுவுக்குள் என்னென்ன வண்ணம் ஒளிந்திருக்கிறது என்று சொல்வார்கள். எல்லோரும் அனுப்புகிறார்களே என்று ஜூனியும் பிஸ்கட்டின் சட்டையை ஒரு உறையில் போட்டு, மேலே பூப்படம் வரைந்து அனுப்பினாள். பதில் வந்தது. வெளியே பழுப்பாய் இருப்பவள் உள்ளே வெள்ளைத் திட்டை ஒளித்து வைத்திருக்கிறாளாம்! ஏற்ற ஆணோடு சேர்த்தால், பாலைக் கொட்டியதுபோல் பாதி உடம்பு வெளுத்த குட்டிகள் பிறக்குமாம்!

அன்றிலிருந்து என் தொலைபேசி ஓயவில்லை. அன்று உச்சுக்கொட்டிய உதடுகள் இன்று உருகி உருகி உறவாடின.

"கெல்சி தங்கம், பிஸ்கட் நல்லாருக்காளா? சாப்பிட்டாளா? ஆமா, நீ எப்படி இருக்க?" இது பாம் அக்கா. என் நலம் மூன்றாவதாக வந்தது. (மறுக்காதீர்கள் அக்கா. "நீ தின்னு கொழுத்துதான இருக்க, உன்ன என்ன கேக்கறது?" என்கிறார். ஏற்றுக்கொள்கிறேன்.)

ஜூனி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னாள்: "அம்மா, அவ மாறவே இல்லையே. அதே பழுப்புதான. இவங்கதான மாறிட்டாங்க."

சரி, "வண்ணம் ஒழிக, இயற்கை வாழ்க!" என்று முழங்கிவிட்டு நான் இறங்கிவிடலாம். கைதட்டல் கூடக் கிடைக்கும். ஆனால் அந்த முழக்கத்திலும் ஒரு ஓட்டை இருக்கிறதே!

ரஸ்ட்டி அண்ணன் கேட்டார்: "இயற்கையா? வீட்டு நிலவறைல பிளாஸ்டிக் டப்பா, அடியில ஹீட்டர், வாரம் ஒரு தடவ ஐஸ் விட வெச்ச எலி. இதுல எதும்மா இயற்கை?" யோசித்தேன். பழுப்பு எதற்கு? பருந்தின் கண்ணுக்குத் தப்ப. என் வீட்டு நிலவறையில் பருந்து ஏது? துணி உலர்த்தும் இயந்திரம்தான் இருக்கிறது. அதனிடமிருந்து ஒளிய என்ன நிறம் வேண்டும்? காட்டிலே மஞ்சளாய்ப் பிறந்த குட்டி முதல் வாரமே இரையாகியிருக்கும். அதை வாழவைத்தவர்கள் யார்? வண்ணப் பைத்தியம் பிடித்த நாம்தானே! அப்படியானால் நாம் செய்வது கொடுமையா, கொடையா?

இரண்டு பக்கமும் சரி என்று வீட்டில் புலம்பினேன். என் கணவர் டெரெக் சொன்னார்: "நீ வக்கீலுக்குப் படிச்சிருக்கலாம்." வக்கீல் ஒரு பக்கம்தான் பேசுவார் என்றேன். "அப்ப ஜட்ஜு." நீதிபதி ஒரு நாளாவது தீர்ப்புச் சொல்வார் என்றேன். "அப்ப என்னதான் சொல்ற?" அதுதான் தெரியவில்லை என்றேன். போர்வையை இழுத்துத் தலையை மூடிக்கொண்டார், பிஸ்கட்டைப் போலவே.

இந்த நிலையில்தான் என் வீட்டுக் கதவைத் தட்டினார் நம் தலைவர். பெண் பாம்பு இருக்கும் வீட்டுக்கு ஆண் பாம்பை இரவல் தருவது, குட்டிகளைப் பாதிப் பாதி பிரித்துக்கொள்வது நம்மிடம் காலங்காலமாக உள்ள வழக்கம். இங்கே மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருகிறார், தலையணை உறைக்குள், மேல்கோட்டின் கதகதப்பில்!

"கதவச் சாத்து கண்ணு, பையனுக்குக் குளிரும்," என்று உறையை அவிழ்த்தார். மார்க்விஸ் வெளியே வந்தான். அழகன். பொன்னிற மேனியில் சிலந்தி பின்னிய வலைபோல் கருங்கோடுகள். அவனுக்குள்ளும் அதே வெள்ளைத் திட்டு ஒளிந்திருக்கிறது. ஆனால் தலையைத் தூக்கினான், ஆடியது. இடப்பக்கம் போக நினைத்தான், தலை வலப்பக்கம் போனது. மல்லாந்தது. மீண்டது.

பாம்பென்றால் படையும் நடுங்கும் என்பார்கள். அந்தப் பாம்பே நடுங்கினால்?

வலைக்கோலம் வந்தால் தலையாட்டமும் வரும். இரண்டையும் பிரிக்க இதுவரை யாராலும் முடியவில்லை. இது நம் எல்லோருக்கும் தெரியும். அவன் குட்டிகளில் ஏறக்குறைய பாதி அவனைப் போலவே ஆடும்.

"ஆடுறான், டான்ஸ் ஆடுறான்!" என்று சிரித்த ஜூனி சட்டென்று நிறுத்தினாள். "தாத்தா, அவனுக்கு என்ன?"

"ஒண்ணுமில்லடா. அவனுக்கு உலகம் கொஞ்சம் சாஞ்சாப்பல தெரியும், அவ்வளவுதான்."

பசித்திருந்தான். தலைவர் இடுக்கியில் எலியைப் பிடித்து நீட்டினார். அவருடைய கை ஒரு பக்கம் ஆட, அவனுடைய தலை ஒரு பக்கம் ஆட, எலி நடுவில் ஊஞ்சலாட, பாய்ந்தான், தவறினான். பாய்ந்தான், தவறினான். மனிதர் அசரவில்லை. "பதறாதடா ராசா, நானும் உன்னாட்டம்தான்," என்றார். ஒரு கணம் இரண்டு நடுக்கமும் ஒன்றாய்ச் சேர்ந்தன. கவ்விவிட்டான்!

என் வாய் சும்மா இருக்கவில்லை. "ஐயா, ஆடும்னு தெரிஞ்சே பொறக்க வைக்கலாமா?" என்று கேட்டேன்.

அவர் கோபிக்கவில்லை. இடுக்கியைத் துடைத்தபடி சொன்னார்: "எங்கப்பாருக்கும் கை ஆடும். எனக்கும் ஆடும்னு முன்னாடியே தெரிஞ்சிருந்தா, எங்கம்மா என்னை வேண்டாம்னிருப்பாளா கண்ணு?"

அவையோரே, அந்தக் கேள்விக்கான பதிலை இன்று, உங்கள் முன்னால், அவரை வைத்துக்கொண்டே சொல்கிறேன். ஐயா! உங்கள் தாயார் உங்களை வேண்டாம் என்றிருக்க மாட்டார். ஆனால் உங்கள் தாயார் உங்களைக் கோலத்துக்காகப் பெறவில்லையே! எட்டிப்பார்த்து எடுத்துக்கொள்ளவில்லையே! வருவது எதுவானாலும் என்னுடையது என்றல்லவா வயிற்றைத் தடவிக்கொண்டிருந்தார்! நானும் அப்படித்தானே இரண்டு முறை, இரவெல்லாம் பயந்து பயந்து, இருந்தாலும் வா என்று காத்திருந்தேன்!

இப்படிச் சொன்னவுடன் என் குழப்பம் தீர்ந்துவிட்டதா? தீரவில்லை. மார்க்விஸின் தலை இன்னும் ஆடுகிறது. அவனுக்கு வலிக்கிறதா, தெரியவில்லை. நாம் செய்வது ஆசையா, கொடுமையா, தெரியவில்லை. ஆனால் அன்று அவன் உண்டு முடித்த பிறகு ஜூனி ஒன்று சொன்னாள்: "இவன் இங்கயே இருக்கட்டும்மா. ஆனா இவங்க குட்டிய யாரும் 'ப்ச்'சுன்னு சொல்லக் கூடாது." அதைப் பிடித்துக்கொண்டுதான் இந்த மேடைவரை வந்திருக்கிறேன்.

ஆகவே கேளுங்கள், என் தோழர்களே! பிஸ்கட் இணைசேரும் பருவத்துக்கு வந்து, அவள் அடிவயிறு பருக்கத் தொடங்கிவிட்டது. மார்க்விஸ் அடுத்த பெட்டியில் இருக்கிறான். இருவருக்கும் நடுவே இருப்பது ஒரு பலகைதான். அந்தப் பலகையை எடுக்கட்டுமா? எடுத்தால், என் வீட்டில் கத்திரிக்கோல் இல்லை! முட்டையை யாரும் கீறக் கூடாது. யாரும் எட்டிப்பார்க்கக் கூடாது. குட்டி தானாக வரட்டும், தன் நேரத்தில் வரட்டும், தன் நிறத்தில் வரட்டும்! அதற்கு முன்பே, முட்டை முட்டையாக இருக்கும்போதே, ஒவ்வொன்றுக்கும் ஒரு வீடு சொல்லியாக வேண்டும். பழுப்போ, வெளுப்போ, நிமிர்ந்த தலையோ, நடுங்கும் தலையோ, "எனக்கு வருவது என்னுடையது" என்று சொல்லும் வீடு. அதன் ஆயுள் முழுக்க, தவறவிட்டாலும் தவறவிட்டாலும் பொறுமையாய் எலியை நீட்டிக்கொண்டிருக்கும் வீடு!

அப்படிப்பட்ட வீடுகள் போதிய அளவு இந்தக் கூடத்தில் இருந்தால் பலகையை எடுக்கிறேன். இல்லையென்றால் மார்க்விஸை அதே தலையணை உறையில் சுற்றி, அதே மரியாதையோடு தலைவர் வீட்டில் கொண்டுபோய் விடுகிறேன். பிஸ்கட் சாதாவாகவே இருந்துவிட்டுப் போகட்டும். வண்ணமா, இயற்கையா என்ற கேள்விக்கு எனக்குப் பதில் தெரியாது. பார்க்காமல் ஏற்கும் நெஞ்சம் இல்லாத இடத்தில் எந்த நிறமும் பிறக்க வேண்டாம்! இது மட்டும் தெரியும்! சம்மதம் உள்ளவர்கள் கை தூக்குங்கள்!

(என்ன பாம் அக்கா? "என் பங்குக்குப் பழுப்பே வந்தா?" உங்களுக்குத்தான் அக்கா அது. "தலையும் ஆடுனா?" அதுவும் உங்களுக்குத்தான். யோசித்துச் சொல்லுங்கள், ஊறுகாய் ஜாடி இல்லை, முப்பது வருடம் உயிரோடு இருக்கும்.)

முன் வரிசையில் ஒரு சின்னக் கை உயர்ந்திருக்கிறது. ஜூனி, உனக்குத்தான் ஏற்கெனவே பிஸ்கட் இருக்கிறாளே, கையை இறக்கு. இறக்க மாட்டாளாம். சரி, ஒன்று. என் பக்கத்தில், மேடையிலேயே, இன்னொரு கை உயர்கிறது, ஆடுகிறது. ஆர்வில் ஐயா, அது சம்மதமா, காப்பிக் கோப்பையைத் தேடுகிறீர்களா?

"சம்மதந்தான் கண்ணு. சீக்கிரம் எண்ணிக்க, வலிக்குது."

எண்ணிக்கொண்டேன் ஐயா. இரண்டு.

பொறுமையாய்க் கேட்ட உங்களுக்கும், பீன்ஸ் குழம்பு ஆறிவிடாமல் அடுப்பருகே காத்து நிற்கும் தாய்மார்களுக்கும், வீட்டில் சின்னவனை வைத்துக்கொண்டு விழித்திருக்கும் டெரெக்குக்கும் என் நன்றி. உங்கள் பெட்டிகளெல்லாம் வெதுவெதுப்பாக இருக்கட்டும். வணக்கம்.

மற்றவர்கள் வீட்டுக்குப் போய் யோசித்துச் சொன்னாலும் போதும். ஆனால் பிஸ்கட் காத்திருக்க மாட்டாள். தயவுசெய்து சீக்கிரம் பதில் சொல்லுங்கள்.