ஏட்டுக் கெணறு

கேட்டுக்கங்க சாமி. இந்தப் பக்கம் ரயிலு வராத காலம், வெள்ளைக்காரன் ஆண்ட காலம். நம்ம கல்லுக்கட்டியூருதான். எங்க அப்பாருக்கு அண்ணன், செங்கோடன்னு பேரு, போலீசுல ஏட்டு.

அப்ப மலையில ஒரு கூட்டம் கெளம்புச்சு. செங்கத்திக் கூட்டம்னு சொல்லுவாங்க. மொதல்ல வரியக் கொறைங்கன்னுதான் கேட்டாங்களாம். அப்புறம் கத்தி ருசி கண்டுக்கிச்சு. 'வரி குடுத்தவன் தல நிக்காது'ன்னாங்க. மணியக்காரர வெட்டுனாங்க, சாவடியக் கொளுத்துனாங்க. காவலுக்கு நின்ன போலீசு மாரப்பனையும் வெட்டிப் போட்டாங்க. மாரப்பன் ஆரு? செங்கோடனுக்குக் கூடப் பொறந்த தம்பி, எங்க அப்பாருக்குச் சின்ன அண்ணன்.

மூணாம் நாளு நாப்பது துப்பாக்கியோட தொரை வந்து எறங்குனான். ஏட்டும் கூட வந்தாரு.

'எங்கடா ஒளிஞ்சிருக்கானுங்க?'

ஊரு வாயத் தெறக்கல. சொன்னா கூட்டம் வெட்டும். சொல்லாட்டித் தொரை சுடுவான். என்னதான் பண்ணும் ஊரு?

'வூடு வூடாத் தீ வை, தன்னால எறங்கி வருவான். ஏட்டு, செத்தது உன் தம்பி. மொதப் பந்தம் நீ புடி.'

மொத வூட்டு வாசல்ல நின்னு ஏட்டு பந்தத்த வாங்குனாரு. வாங்கி, மண்ணுல குத்தி அணைச்சாரு.

'எந்தம்பிய வெட்டுனவன் மலையில இருக்கான் தொரை. இந்த வூட்டுல இருக்கறது புள்ள பெத்து நாலு நாளான பொம்பள.'

'சுட்டுருவேன்!'

'சுடுங்க. இன்னிக்கு மலையில இருவது பேரு. நீங்க தீ வெச்சா நாளைக்கு இந்த ஊரே மலையில இருக்கும்.'

சொல்லிப்புட்டு வாசல மறிச்சு நின்னாரு. பின்னால ஒரு போலீசு துப்பாக்கியக் கீழ எறக்குனான். அடுத்தவனும் எறக்குனான். தொரை மூஞ்சி செவந்து போச்சு. 'நாளைப் பொழுது சாயறதுக்குள்ள புடிச்சு வா. இல்லீனா ஊரும் இல்ல, நீயும் இல்ல'ன்னான்.

அப்பத்தான், சாத்துன கதவுக்குள்ள இருந்து அந்தப் புள்ள பெத்தவ, பாவாயி, சொன்னாளாம்: 'அண்ணா, தேனடைப் பாறைக்குப் பொறத்தால ஒரு கொகை இருக்குது.'

பத்துப் பேரோட ஏறுனாரு. விடியறப்ப வளைச்சாரு. 'கத்தியக் கீழ போட்டவன் மேல ஒரு அடி வுழாது'ன்னு கத்துனாரு. கூட்டத்துத் தலைவன் காத்தவன் சுட்டான். ஏட்டோட எடது கையில குண்டு. அந்தக் கை அப்புறம் வெளங்கவே இல்ல. ஆனா ஏட்டு யாரையும் திருப்பிச் சுட வுடல; அதப் பாத்துக் கத்தி ஒவ்வொண்ணாக் கீழ வுழுந்துச்சு, இருவது பேரும் உசுரோட கட்டுண்டாங்க.

உச்சி வெயிலுக்கு எறங்கி, இந்தக் கெணத்தடிக்கு வந்தாங்க. காத்தவனக் காட்டிப் போலீசுக்காரங்க கொதிக்கறாங்க: 'மாரப்பன வெட்டுனவன் இவன்தான், எங்ககிட்ட வுடுங்க ஏட்டய்யா!'

ஏட்டு நேராக் கெணத்துக் கயித்தப் புடிச்சாரு. ஒத்தக் கையால இழுத்து, இழுத்த கயித்தப் பல்லுல கடிச்சு, மறுபடி இழுத்து, அப்படித் தண்ணி சேந்துனாராம். மொதத் தண்ணி காத்தவன் வாயில ஊத்துனாரு.

'குடி. உசுரோட கோர்ட்டுக்கு வா. அங்க எந்தம்பி பேரு சொல்லு.'

கோர்ட்டுல நின்னு அவன் சொன்னான் சாமி. ஜட்ஜு கேக்கறதுக்கு முன்னாலயே சொன்னான்: 'மாரப்பன்.'

இன்னிக்கும் கைதியக் கூட்டிக்கிட்டுப் போற போலீசு வண்டி இந்தக் கெணத்தடியில நிக்குது பாத்தீங்களா? வெலங்கு மாட்டுனவன் குடிச்ச பொறவுதான் காக்கிச் சட்டை குடிக்கும். எந்தச் சட்டப் புஸ்தகத்துலயும் அது இல்ல. எங்க பெரிய அப்பாரு வெச்ச சட்டம்.