மந்தைவெளி நேயர்

அந்த நாற்காலி வேண்டாம் கனகராஜ், கால் ஆடும். இதுல உக்காருங்கோ. என்ன சொல்லிண்டிருந்தேள், வியாழக்கிழமைலேர்ந்து மறுபடி சமையல் க்ளாஸ் ஆரம்பிக்கணுமா? ஆரம்பிக்கலாம். எனக்கென்ன. அவர் போய் மாசம் ஒண்ணு ஆயாச்சு. ஆத்துல உக்காந்துண்டு என்ன பண்ணப் போறேன்.

மோர் எடுத்துக்கோங்கோ. உப்பு போடல, கை பழகிடுத்து. டப்பா பக்கத்துலயே இருக்கு.

இத்தனையும் லெட்டரா? எல்லாம் நீரஜா மேடம்னு எனக்கேவா? வச்சுட்டுப் போங்கோ, படிக்கறேன். தொண்ணூத்தஞ்சுல உங்க கேபிள் வரதுக்கு முன்னாடி என்னை யாருக்குத் தெரியும்? ஆத்துக்காரருக்கு ரத்தக்கொதிப்புன்னு உப்பில்லாமச் சமைச்சிண்டிருந்தேன். நீங்கதான் கடை மாடில ஒரு ஸ்டவ்வையும் ஃபோனையும் வச்சு, நேரா டி.வி.ல காட்டலாம் மாமி, ஜனங்க வீட்லேர்ந்தே கத்துக்கட்டும்னேள்.

யாரு, ராயப்பேட்டை நஸ்ருன்னிசாவா? மாமியாருக்குக் கால் வீக்கம் வடிஞ்சுடுத்தாமா? நல்ல விஷயம். சந்தோஷம் வரணும், வரல. அழுகையும் வரல. பல்லு பிடுங்கறதுக்கு முன்னாடி ஊசி போடுவாளே, அப்புறம் வாய் நம்மளுதான்னே தெரியாதே, அப்படி இருக்கு.

ஆமாம், எல்லாரும் மந்தைவெளி நேயரைத்தான் கேப்பா. முதல் வாரம் அவர் விளையாட்டுக்குத்தான் ஃபோன் பண்ணினார். குரலை மாத்திண்டு, மேடம், மந்தைவெளிலேர்ந்து ஒரு நேயர் பேசறேன், துளியூண்டு உப்பு போட்டுக்கலாமான்னார். எனக்குத் தெரியாதா அந்தக் குரல். கூடாது சார், அடுத்த நேயர்னு ஃபோனை வச்சேன். நீங்க கேமராவைப் பிடிச்சுண்டே குலுங்கிக் குலுங்கிச் சிரிச்சேள், படமெல்லாம் ஆடித்து. அப்புறம் வாராவாரம் அதேதான், ரெண்டு வருஷம். என் ஆத்துக்காரர்னு பாக்கறவாளுக்குத் தெரியாது. உங்களுக்கும் எனக்கும்தான்.

வேற யாரையாவது விட்டு அந்த ஃபோனைப் பண்ணச் சொல்றதா? சொல்லலாம். யார் பண்ணினா என்ன.

பையில என்ன, கேசட்டா? கடைசி க்ளாஸா. முதல்ல அதை மறுபடி போட்டுட்டு அப்புறம் ஆரம்பிக்கணுமா? சரி, போடுங்கோ. ஒரு இடத்தை மட்டும் வெட்டிடுங்கோ. வத்தக்குழம்பு கொதிக்கறச்சே ஃபோன் அடிக்குமே, அதை. ஏனா? நீங்க கவனிச்சிருக்க மாட்டேள். அன்னிக்கு அவர் மேடம்னு சொல்லல. குரலை மாத்தல. நீரஜான்னார், அவ்வளவுதான். கல்யாணமாகி இருபத்தெட்டு வருஷத்துல பேர் சொல்லிக் கூப்பிட்டதே கிடையாது, இந்தான்னுதான் கூப்பிடுவார். கேட்டுது எனக்கு. என்னமோ மாதிரி இருந்தது. ஆனா குழம்பு கொதிக்கறது, நீங்க சிரிக்கறதுக்கு ரெடியா நின்னுண்டிருக்கேள். நானும் சிரிச்சுண்டே, கூடாது சார், அடுத்த நேயர்னு வச்சுட்டேன்.

அடுத்த நேயர் நஸ்ருன்னிசா. கத்திரிக்காய்க்கு எத்தனை ஸ்பூன் எண்ணெய்னு கேட்டா. பத்து நிமிஷம் நிதானமாச் சொன்னேன்.

ஆத்துக்கு வந்து பாத்தா டி.வி. ஓடிண்டிருக்கு. ரிசீவர் அவர் கையிலயே இருந்தது.

என்ன கனகராஜ், மோர் அப்படியே இருக்கு? உப்பு போட்டுக்கோங்கோ.