ரோலின் கடைசி மூணு படம்

இல்லம்மா, அவர் வர நேரமாகும். முடி வெட்டப் போயிருக்கார். இருக்கற நாலு முடிக்கு ஒரு மணி நேரம் எடுத்துப்பார். அதுவும் நல்லதுதான், உக்காரு. அந்த நாற்காலி வேண்டாம், கால் ஆடும்.

உங்கம்மா போன விஷயம் கேள்விப்பட்டேன். வந்திருக்கணும், வரலை. சரி, விடு. அம்மா வேலை பார்த்த காலத்துப் படம் ஒண்ணாவது வேணும், அவ்வளவுதானே? உங்க வீட்டுல ஒண்ணுகூட இல்லையா? இருக்காது. வாரப் பத்திரிகை நிருபர்னா பேர் வரும், மூஞ்சி வராது. ஊரையே எழுதறவளை யாரு படம் எடுக்கப் போறா?

எங்க வீட்டுக்காரர் எடுத்தார்.

அதே பத்திரிகைக்குப் போட்டோ எடுத்தவர்தானே. எப்படின்னா, ஒரு ஃபிலிம் ரோல்ல முப்பத்தாறு படம். வியாழக்கிழமை மத்தியானம் ஃபிலிமைக் கழுவியாகணும், அப்பதான் வெள்ளிக்கிழமை பேப்பர்ல வரும். பொதுக்கூட்டம், ரோட்டுப் பள்ளம், பள்ளிக்கூடப் பரிசளிப்புன்னு எல்லாம் எடுத்தும் கடைசியில ரெண்டு மூணு மிஞ்சும். எதையாவது எடுத்து ரோலை முடிக்கணும். மத்தவன் சுவத்தை எடுப்பான், பூனையை எடுப்பான். இவருக்கு உங்கம்மா.

எனக்கு எப்படித் தெரியுமா? கழுவினதே நான்தானேம்மா. குளியலறை ஜன்னலுக்குக் கறுப்புத் துணி கட்டி, வாளியைக் கவுத்துப் போட்டு அதுமேல உக்காந்து. பேப்பர்ல என் பேரா? நீ வேற. துணி காயப்போடற கிளிப்புல மாட்டித் தொங்கவிடுவேன். நெகட்டிவ்ல முடி வெள்ளையா, மூஞ்சி கறுப்பா இருக்கும் பாரு, முதல் தடவை யாரோ வயசானவங்கன்னு நெனச்சு நிம்மதியா சமைக்கப் போயிட்டேன். பிரிண்ட் போட்டப்பதான் வயிறு எரிஞ்சுது.

கேட்டேன். கேக்காம இருப்பேனா? ரோலை முடிக்கத்தான் எடுத்தேன்னார். அப்ப ரோல் முடியற நேரத்துல நான் மட்டும் ஏன் உங்க கண்ணுல படறதில்லைன்னேன். நீ வீட்டுலதானே இருக்கேன்னார்.

வெட்டிட்டேன். ஆமா, கத்தரியாலதான். ஃபிலிம் காஞ்சதும் கடைசி மூணையும் வெட்டி எடுத்துடுவேன். நுனி வீணாப் போச்சும்பேன், நம்பிடுவார். பதினோரு வருஷம், வாராவாரம் நம்பின மனுஷன்.

அட, என்ன இது, கண்ணைத் தொடைச்சுக்கோ. வெட்டினேன்னுதானே சொன்னேன், எரிச்சேன்னா சொன்னேன்? இந்தக் கவரைப் பிரி. ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடிச்சுப் பாரு. நடுவுல விரல் வெக்காத, ஓரத்தைப் பிடி.

அது கோர்ட் வாசல். வாயில பென்சிலைக் கடிச்சுட்டு நிக்கறா பாரு. அடுத்தது வெள்ளம் வந்த வாரம், செருப்பு ஒரு கையில, நோட்டு ஒரு கையில. இது யாரோ அதிகாரியோட சண்டை. அந்தாளு பின்னாடி நகர்றான், இவ விடறதா இல்லை.

ஒண்ணு கவனி. எதுலயாவது உங்கம்மா கேமராவைப் பார்க்கறாளா? பூதக்கண்ணாடி வெச்சுத் தேடியிருக்கேன், ஒண்ணுலயும் இல்லை. ஒரே ஒரு தடவை அவரைப் பார்த்து சிரிச்சிருந்தா, ரெண்டு பேரையும் உண்டு இல்லைன்னு பண்ணிட்டு நிம்மதியா இருந்திருப்பேன். மகராசி அவ பாட்டுக்கு எழுதிக்கிட்டிருக்கா. எனக்கு அதுதான் தாங்கலை.

எல்லாத்தையும் எடுத்துட்டுப் போ. அவர்கிட்ட நான் சொல்லிக்கறேன்.

உங்கம்மா ஒரு தடவை இங்க வந்திருக்கா, தெரியுமா? வேலையில சேர்ந்த புதுசு. உள்ள கூப்பிடலை, வாசல்லயே நிக்க வெச்சுப் பேசினேன். நல்லபடியாத்தான் கேட்டா பாவம். இந்த நிருபர் வேலைக்குப் பத்திரிகை ஆசிரியர் உங்களைத்தான் முதல்ல கூப்பிட்டாராமே, நீங்க வரலைன்னு உங்க வீட்டுக்காரர் வந்து சொன்னாராமே, ஏங்க வேண்டாம்னீங்கன்னு.

விண்ணப்பம் போட்டது நான்தான். கான்வென்ட்டுல கட்டுரைன்னா என்னைத்தான் எழுந்து படிக்கச் சொல்லுவாங்க. ஆனா பத்திரிகையிலேருந்து பதிலே வரலைன்னுதான் இவர் எங்கிட்ட சொல்லியிருந்தார்.

என்ன சொல்லுவேன் அவகிட்ட? குழந்தைகளைப் பார்த்துக்க ஆளில்லைன்னு சொல்லிக் கதவைச் சாத்தினேன். அப்ப எங்களுக்குக் குழந்தையே கிடையாது.